டபிள்யூவின் வாலை வெட்டாதே

தினேஷ், முதலில் அந்தக் கத்தரியைக் கீழே வை. கம்ப்யூட்டரில் எழுத்து வரைகிறவனிடம் கத்தரி ஏது என்று சிரிக்காதே. வெள்ளிக்கிழமைக்குள் உன் எழுத்துருவில் இருக்கிற சுருள்களையெல்லாம் வெட்டி எறிந்துவிடப் போவதாக நீதானே போனில் சொன்னாய்? நான் வாயெடுப்பதற்குள் மீட்டிங் என்று வைத்தும்விட்டாய். அதன் பிறகு கூப்பிட்டபோதெல்லாம் மீட்டிங்தான். மும்பையில் வேலை என்று ஒன்று தனியாக நடக்கிறதா, மீட்டிங் மட்டும்தானா என்று தெரியவில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை செல்வி அத்தை மகள் கல்யாணத்தில் நடந்ததைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு நீ என்ன முடிவு வேண்டுமானாலும் எடு. நினைத்தால் இப்போதுகூட எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

இதைப் பிரஸ்ஸில் என் இடத்தில் உட்கார்ந்துதான் அடிக்கிறேன். வருகிறவர் போகிறவர் எல்லோரும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நீ உன் ஆபீஸ்காரர்களுக்குப் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். அல்சூர் ஏரிக்கு இந்தப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், கருமாதி என்று எந்த வீட்டில் என்ன நடந்தாலும் அதற்கான பத்திரிகை என் கையைத் தாண்டித்தான் போகிறது. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் அடிப்பேன். நான் காகிதத்தில் வைக்கிற பெயர்களை உன் அப்பா தெர்மாகோலில் வெட்டி, ஜிகினா தூவி, ஆள் உயரத்துக்கு மண்டப வாசலில் நிறுத்துவார். மர்பி டவுனில் இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன் எழுத்து வரையப் போனதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? போன இடத்தில், நகை நட்டு இல்லாத மொட்டை எழுத்துதான் நாகரிகம் என்று நம்பத் தொடங்கினாயே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

நீ அந்த எழுத்துரு ஃபைலை அனுப்பிய நாள் நினைவிருக்கிறது. வெளியே நல்ல மழை, பிரஸ்ஸில் கூட்டமே இல்லை. "எங்க வேணும்னாலும் போட்டுப் பாரும்மா. எங்க ஒடையுதுன்னு மட்டும் சொல்லு" என்றாய். அதற்கு ஒரு பெயர்கூட நீ வைத்திருக்கவில்லை. இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும். திறந்து பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தின் முனையிலும் சின்னதாக ஒரு பாதம். கோடு தடிமனாக இறங்கி வந்து, தலைமுடி மாதிரி மெலிந்து, மறுபடியும் தடிக்கிறது. சின்ன எழுத்துகள் முதுகை நிமிர்த்திக்கொண்டு அடக்கமாக வரிசையில் நின்றன. பெரிய எழுத்துகளிடம்தான் அடக்கம் என்பதே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கோட்டை நீட்டி, சுருட்டி, சுருளின் நுனியில் ஒரு துளியை வைத்து முடிந்தது. 'ஆர்' காலை நீட்டிக்கொண்டு பக்கத்து எழுத்தின் இடத்தையும் பிடித்திருந்தது. 'டபிள்யூ' இடது பக்கம் ஒரு வாலை உயரத் தூக்கி, வட்டம் போட்டு, மறுபடி தன் தோளுக்கே கொண்டுவந்து வைத்திருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்ன விஷயம் என்று முதலாளி ராஜண்ணா கேட்டார். என் பையன் எழுத்துக்கு நகை போட்டு அனுப்பியிருக்கிறான் என்றேன்.

அன்றிலிருந்து எங்கே இடம் கிடைத்தாலும் உன் எழுத்தைப் போட்டுப் பார்த்தேன். முதலில் மாட்டியது ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச் ஒன்றின் ஆண்டுவிழா மலர். மலரின் தலைப்பை உன் எழுத்தில் வைத்தேன், கமிட்டிக்காரர்கள் சொக்கிப்போனார்கள். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். உள்ளே பெரியவர்கள் பெயர்ப் பட்டியலும் இதே எழுத்தில் வேண்டும் என்றார்கள், சரி என்றேன். அடுத்து ஒரு பெரியவர், பெயர்களை முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில்தான் போடவேண்டும், பாதிப் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டால் மரியாதைக் குறைவாக இருக்கும் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நம் தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று கிடையாது. மரியாதையை 'ங்க' போட்டுக் காட்டிவிடுவோம். இங்கிலீஷில் அதற்கு வழியில்லாததால், பத்திரிகை அடிக்க வருகிற நம் ஆட்கள் எல்லோருமே பெரிய எழுத்தைத்தான் மரியாதை என்று பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரை விடுவது, யாரைச் சேர்ப்பது? எல்லோரையும் பெரிய எழுத்திலேயே நிறுத்திவிட்டேன்.

ப்ரூஃப் எடுத்துப் பார்த்தால், பெயரே இல்லை, அவரைப் பந்தல்தான் இருக்கிறது. ஒருவர் பெயரின் சுருள் இன்னொருவர் பெயருக்குள் நுழைந்து, துளிகள் எல்லாம் கலந்து, ஒரே கொடி. மரியாதை கேட்ட பெரியவரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் பெயரைத் தேடினார். கடைசியில் தன் சம்பந்தியின் பெயரைத்தான் கண்டுபிடித்தார். நல்ல வேளை, ப்ரூஃபோடு போயிற்று. பெயர்களை வேறு எழுத்துக்கு மாற்றி, தலைப்பை மட்டும் உனக்கு விட்டுவைத்தேன். அன்றைக்குத்தான் உன் எழுத்தின் குணம் எனக்குப் பிடிபட்டது. பெரிய எழுத்து ஒன்று பேசும்போது மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து பேசினால் சந்தைதான்.

அடுத்து ஒரு பல் டாக்டர். சின்ன வயசு, புதிதாக க்ளினிக் திறக்கிறார், போர்டு கொஞ்சம் கெத்தாக இருக்கவேண்டும் என்றார். உன் எழுத்தைக் காட்டினேன். குதித்தார். போர்டும் ஏறிவிட்டது. முதல் வாரத்திலேயே ஒரு குடும்பம் உள்ளே வந்து, மதியம் பஃபே உண்டா என்று கேட்டிருக்கிறது. டாக்டர் பாவம், சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னார், நானே நல்ல உறுதியான, வளைவு சுளிவு இல்லாத எழுத்து ஒன்றைத் தேடிப் போட்டுக் கொடுத்தேன். பல்லைப் பிடுங்குகிற இடத்தில் சுருளுக்கு என்ன வேலை? ஆனால் அதே வாரம் ஒரு பேக்கரிக்காரர் கிறிஸ்துமஸ் ப்ளம் கேக் டப்பாவுக்கு மூடி கேட்டார். இரண்டே வார்த்தை, 'ப்ளம் கேக்', இங்கிலீஷில். மெரூன் அட்டையில் தங்க நிறம். 'பி' தன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு சுருள, 'சி' அதைப் பார்த்துப் பதிலுக்குச் சுருள, எனக்கு அட்டையைப் பார்த்தே முந்திரி வாசனை வந்தது. மூடியைத் திறக்காமலேயே உள்ளே இருப்பது பண்டிகை என்று தெரிந்தது. இதையெல்லாம் உனக்குச் சொல்லத்தான் போன் செய்தேன், நீ சொல்லவிடவில்லை.

நீ சொன்னது வேறு. உன் சீனியர், சுருள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால்தான் எழுத்துருவை வெளியிட முடியும் என்று சொல்லிவிட்டார், வெள்ளிக்கிழமை கடைசி என்றாய். அதோடு, அவர் சொன்ன இன்னொன்றையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். "மேரேஜ் ஹால் டேஸ்ட்னு சொன்னாரும்மா." நீ சிரித்த சிரிப்பு எனக்குத் தெரியும். ஸ்கூலில் யாராவது உன் டிபன் டப்பாவைக் கேலி செய்துவிட்டால் வீட்டுக்கு வந்து அப்படித்தான் சிரிப்பாய், மறுநாளிலிருந்து அந்தக் குழம்பை ஊற்றாதே என்பாய். அப்பா என்ன செய்கிறார் என்று அங்கே கேட்டவர்களிடம் ஈவன்ட் பிசினஸ் என்று சொல்லிவைத்திருப்பதாகவும் போன தடவை வந்தபோது சொன்னாய். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. அந்தச் சுருள்கள் எங்கிருந்து வந்தன என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பாவின் ஸ்கூட்டர் பின்சீட்டில் 'வெட்ஸ்' என்ற வார்த்தையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு எத்தனை மண்டபத்துக்குப் போயிருப்பாய்! உன் சீனியர் தப்பாகச் சொல்லவில்லை, கண்ணா. அது மேரேஜ் ஹால் டேஸ்ட்தான். அதைக் கேட்டு வெட்கப்பட்டாயே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இனிமேல்தான் கல்யாணம். ஸ்ரீராம்புரம் செல்வி அத்தையின் மகள் கவிதாவுக்கும் மஞ்சுநாத்துக்கும் இரண்டு வருஷப் பழக்கம். பையன் வீடு கன்னடக்காரர்கள், நல்ல மனிதர்கள். வாசல் போர்டைத் தமிழில் வைப்பதா கன்னடத்தில் வைப்பதா என்று இரண்டு பக்கமும் நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க என்று உபசாரம் பண்ணி, கடைசியில் யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம் என்று இங்கிலீஷில் முடித்தார்கள். செல்வி அத்தைக்கு அதில் ஒரு வருத்தம். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. மாநகராட்சியில் இத்தனை வருஷம் தெரு கூட்டி, ஒற்றைப் பெண்ணை நர்ஸ் ஆக்கி, அவள் கல்யாணத்துக்கு முதல்முறையாக ஒரு பெரிய மண்டபம் பிடித்திருக்கிறாள். "எனக்குப் படிக்க வராட்டியும் பரவால்லக்கா. பாத்தா கல்யாணம்னு தெரியணும், ஆபீஸ் மாதிரி இருக்கக் கூடாது" என்றாள். எனக்கு உடனே உன் டபிள்யூ கண் முன்னால் வந்து நின்றது.

எழுத்தை முழு அளவில் பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். உன்னுடையது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் குறையே சொல்லமாட்டார், வெட்ட வராவிட்டாலும் அருமை என்பார். எங்கே உடைகிறது என்றுதானே நீ கேட்டாய், எனக்குக் குறைதான் வேண்டியிருந்தது. குறை வந்தது பார், மழை மாதிரி! காகிதத்தைத் தெர்மாகோலில் ஒட்டி, சூடான கம்பியால் ஓரமாக அறுத்துக்கொண்டே போகவேண்டும் இல்லையா, தடித்த இடத்தில் கம்பி வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று. மெலிந்த இடம் வந்ததும் அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டார். "எந்தப் புண்ணியவான் இத வரைஞ்சான்? கம்பி திரும்பவே மாட்டேங்குது" என்றார். 'கே' முடிந்தது, 'எம்' முடிந்தது. 'டபிள்யூ'வுக்கு வந்தபோது அந்தப் புண்ணியவானின் வம்சத்தையே இழுத்தார். வம்சம் யாருடையது என்று தெரிந்த நான், சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். திட்டினாரே தவிர, வாலை விட்டுவிட்டு வெட்டலாமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வெட்டி முடித்து, தங்க ஜிகினா தூவி, சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவில் கொண்டுபோகும்போது ஒரு ஸ்பீட் பிரேக்கரில் டபிள்யூவின் வால் பட்டென்று முறிந்தது. மெலிந்து வளைகிற அதே இடம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பசை காய நேரம் இல்லை. அப்பா மண்டப வாசலில் பூக்காரியிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கி, முறிந்த இடத்தைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றிக் கட்டினார். பார்க்கிறவர்களுக்கு வேண்டுமென்றே பூச்சுற்றியதுபோல இருந்தது. மெரூன் துணியில் 'கவிதா வெட்ஸ் மஞ்சுநாத்'. மூன்று பெரிய எழுத்து, மூன்று சுருள். மற்றவையெல்லாம் சின்ன எழுத்தாக அமைதியாக நிற்க, வாசலே ஏதோ பாட ஆரம்பித்த மாதிரி இருந்தது. செல்வி அத்தை ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே, "இதுதான் எம்பொண்ணு போர்டு" என்று கை நீட்டினாள். யாரும் படித்துச் சொல்லவில்லை.

அந்த மண்டபத்தில் கீழே ஒரு கல்யாணம், மாடியில் ஒரு கல்யாணம். கேட்டின் இந்தப் பக்கம் நம் போர்டு, அந்தப் பக்கம் மாடிக்காரர்கள் போர்டு. அவர்களுடையது சாம்பல் துணியில், மெல்லிய வெள்ளை எழுத்து, பாதமும் இல்லை, சுருளும் இல்லை. இரண்டு பெயர், நடுவில் ஒரு சின்னக் கோடு. அழகில்லை என்று சொல்லமாட்டேன், வெகு நேர்த்தி. உன் சீனியர் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். ஆனால் கம்பெனி ட்ரெய்னிங் எந்த மாடியில் நடக்கிறது என்று சொல்கிற பலகை மாதிரி இருந்தது. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி ஆரம்பித்தது. கல்யாணத்துக்குத் தாமதமாக வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். மேடையில் கூட்டம் இருக்கிறது, முதலில் சாப்பிட்டுவிட்டு வந்து வாழ்த்தலாம் என்று நேரே சாப்பாட்டு அறைக்குப் போவார்கள். அப்படி ஒரு பெருங்கூட்டம் வந்து உட்கார்ந்தது. நல்ல பட்டு, நல்ல வைரம், குழந்தை குட்டிகளோடு. இலை போட்டாயிற்று, பாயசம் ஊற்றியாயிற்று. பையன் வீட்டு ஆட்கள் என்று செல்வி அத்தை நினைத்தாள், பெண் வீட்டு ஆட்கள் என்று மஞ்சுநாத்தின் அம்மா நினைத்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து, உங்கள் பக்கம் கூட்டம் ஜாஸ்தி என்று பெருமையாகச் சிரித்தும் கொண்டார்கள். சமையல்காரர் வந்து, அடுத்த பந்திக்குச் சாதம் தாங்காது என்று செல்வி அத்தையின் காதில் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த அவள் சொந்த ஜனம், அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் எல்லோரும் கதவோரம் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

செல்வி அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கா இவங்க எல்லாம்? ஒரு மூஞ்சியும் தெரியலையே" என்றாள். நான் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். மாடிக் கல்யாணத்துக்கு வந்தவர்கள்! மாடிக்கும் இதே வழி என்று நினைத்துவிட்டார்களாம். வாசலில் எந்தப் பெயரையும் படிக்கவில்லையாம். "கல்யாண போர்டு பாத்தோம், உள்ள வந்தோம்" என்றார் அந்த அம்மாள், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. இலையில் உட்கார்ந்தவரை எழுந்திரு என்று சொல்லமுடியுமா? செல்வி அத்தை வாழ்நாளில் சொல்லமாட்டாள். அவளே போய் அவர்களுக்கு இரண்டாம் முறை சாம்பார் ஊற்றச் சொல்லிவிட்டு, தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு பேரையும் உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தது உன் டபிள்யூ. அதைப் பிடிவாதமாக வாசலில் நிறுத்தியது நான்.

மாடிக்கு ஓடினேன். அங்கே நீள நீளமாக மேஜை, வரிசையாக இலை, அண்டா அண்டாவாகச் சாப்பாடு, ஆட்களே இல்லை. பெண்ணின் அப்பா, நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை, படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏனம்மா, ரோட்ல ஏதாவது கலாட்டாவா? நம்ம ஜனம் ஒருத்தரையும் காணோமே" என்றார். கீழே வந்து பாருங்கள் என்றேன். வந்து கதவில் நின்று பார்த்தார். அவருடைய அண்ணன் குடும்பம் முழுக்கக் கீழே மோர் சாதத்துக்கு வந்திருந்தது. அவர் சத்தம் போடுவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு செல்வி அத்தையிடம் போய்க் கும்பிட்டு, "பேஜார் மாட்கோபேடிம்மா, வருத்தப்படாதீங்க. நம்ம ஜனம் உங்க வீட்ல சாப்பிட்டாச்சு, உங்க ஜனத்த மேல அனுப்புங்க. அங்க எல்லாம் ஆறிட்டிருக்கு" என்றார். செல்வி அத்தை தயங்கினாள். அவரே கதவோரம் நின்றவர்களை முன்னால் விட்டு மாடிக்கு அழைத்துப் போய், உட்கார வைத்து, அல்வா பரிமாறினார். அதற்குப் பிறகு யார் எந்தக் கல்யாணம் என்று யாருக்கும் தெரியவில்லை. கவிதாவுக்கு வைத்திருந்த மொய்க் கவரில் பாதி மாடிப் பெண்ணுக்குப் போயிருக்கும், அங்கிருந்து பாதி இங்கே வந்திருக்கும். மாடிப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு இறங்கி வந்து, கவிதா மஞ்சுநாத்தோடு நம் போர்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் போட்டோ எடுக்கும்போதுதான் மாடிக்காரர் நம் போர்டை நன்றாகப் பார்த்தார். "எங்களுது டிசைனர வெச்சு செஞ்சதும்மா. அழகாத்தான் இருக்கு. ஆனா காலைல வந்தப்ப நானே உங்க பக்கம்தான் நுழைஞ்சேன்" என்றார். சின்ன மகளுக்குத் தை மாதம் நிச்சயம் வைத்திருக்கிறாராம், அதற்கு இதே எழுத்து வேண்டும், யார் செய்தது என்று கேட்டார். அப்பா பூச்சரத்தைச் சரி செய்துகொண்டிருந்தவர் திரும்பி, "நான்தான் சார் வெட்டினேன். எழுத்து எவனோ வரைஞ்சது" என்றார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "எவனோ இல்ல. நம்ம தினேஷ்" என்றேன்.

உன் அப்பா என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, டபிள்யூவின் வாலில் சுற்றியிருந்த மல்லிகையை மெதுவாகக் கொஞ்சம் கீழே தள்ளி, சுருள் முழுக்க வெளியே தெரியும்படி வைத்தார். பிறகு போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒரு போட்டோ எடு என்றார். இத்தனை வருஷத்தில் தான் வெட்டிய போர்டோடு அவர் நின்று நான் பார்த்ததில்லை. போட்டோவை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். கண்ணை மூடிவிட்டார், பரவாயில்லை, அதையே பார்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். உன் சீனியர் முழுக்கத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆண்டுவிழா மலரைப் பார்த்தவள் நான், பல் டாக்டரையும் பார்த்தேன். அடுக்கடுக்காக வாசகம் வருகிற இடத்தில் உன் எழுத்து ஆகவே ஆகாது. 'ஆர்' நீட்டியிருக்கிற கால் பக்கத்தில் வருகிறவனை எல்லாம் தட்டிவிடுகிறது, அதை மடக்கு. சுருள் இல்லாத பெரிய எழுத்து ஒரு தொகுதியும் அதே ஃபைலில் கூடவே கொடு. எடுத்தவுடன் அதுவே வரட்டும். வேண்டுமென்கிறவர்கள், வேண்டிய இடத்தில், ஒன்றோ இரண்டோ சுருளை எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். நகையைக் கழற்றி வைக்கப் பெட்டி கொடுக்கிறதுதான் முறை, நகையை உருக்குவது இல்லை. இதை உன் சீனியரிடம் நிமிர்ந்து சொல். சொல்லும்போது போட்டோவையும் காட்டு. இது யார் என்று கேட்டால் என் அப்பா, மேரேஜ் ஹாலுக்கு போர்டு வெட்டுகிறவர் என்று சொல். கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஜனம் வாசல் கண்டுபிடித்து வரவேண்டும் இல்லையா?

இன்னொன்று பாக்கி இருக்கிறது, அது அப்பா சொன்னது. கல்யாணத்திலிருந்து வந்து காபி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த டபிள்யூவோட வால் இன்னும் கொஞ்சம் தடிமனா போடச் சொல்லு அவன" என்றார். அறுக்கச் சுலபமாக இருக்குமா என்று கேட்டேன். "அறுக்கிறத நான் பாத்துக்குவேன். எடுத்துட்டுப் போறப்போ ஒடையக் கூடாது" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையிலேயே சிட்டி மார்க்கெட் போய், தை மாத போர்டுக்குத் தெர்மாகோல் வாங்கி வந்துவிட்டார். இப்போதே எதற்கு, நிறைய நாள் இருக்கிறதே என்றேன். உன்னிடமிருந்து புது டபிள்யூ வரட்டும் என்று வெட்டாமல் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்.